உழுதவன் பங்கு

கல்லை எடுத்தது நான்தான். கதையை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதனால் முதலிலேயே சொல்லித் தொலைக்கிறேன். ஒன்பது வருஷம் இந்த ஒரு வரியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு திரிந்தேன். சொல்லாமல் இருந்ததில் ஓர் உயிர் போயிற்று. சொன்னபோது என் கால் போயிற்று.

அப்போது நான் சர்வேயரிடம் சங்கிலி இழுக்கிற ஆள். நிலம் அளக்கிற சங்கிலி. இரும்பு, நூறு கண்ணி, இருபத்திரண்டு கஜ நீளம். ஒருவன் முன்னால் இழுத்துக்கொண்டு போவான், இன்னொருவன் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பான். முன்னால் போகிறவன்தான் முள்ளில் கிழிபடுவான், பாம்பை மிதிப்பான். பின்னால் நிற்கிறவன் "ம், இழு" என்பான். நான் முன்னால் போகிறவன், பின்னால் பிடிக்க வேறு ஆள் இல்லாமல் சர்வேயரே நின்றார். எனக்கும் முன்னால், வழியில் நிற்கிற புதரையும் மரத்தையும் வெட்டிக்கொண்டு என் மனைவியின் அண்ணன் போவான். கோடாலியை எடுத்தால் மச்சானுக்குப் பசி தெரியாது.

குடியேற்ற அலுவலகம் முப்பத்துச் சொச்சம் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிவிட்டது. அவர்கள் வந்து இறங்குவதற்குள் ஆற்றங்கரையில் நாற்பது மனை அளந்து முளை அடித்து வைக்க வேண்டும். மனை ஒன்றுக்கு முப்பது ஏக்கர். சர்வேயருக்கு ஓயாத வயிற்றுவலி. நல்ல மனுஷன், கெட்டது செய்யக்கூட அவருக்குத் தெம்பு கிடையாது. மழைக்கு முன்னால் முடித்துவிட்டு ஊருக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தார்.

பதினேழாவது மனையில்தான் அது நடந்தது. முதல் மூலையில் முளையை வைத்து இரண்டு அடி அடித்தேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது.

"ஐயா, முளை நிக்க மாட்டேங்குது."

"நிக்கிற மாதிரி அடிய்யா."

"அடிச்சா உள்ளயே போயிடுதுங்க. மண்ணு பொலபொலன்னு இருக்கு."

"எதையாவது முட்டுக் குடுத்து நிறுத்து. என்னால இதுக்கு மேல நிக்க முடியாது."

பக்கத்திலேயே ஐந்து கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. உள்ளங்கை அளவு, கறுப்பு, ஆற்றில் உருண்டு வழவழவென்று ஆன கற்கள். அங்கே இருந்ததோ செம்மண். தேடினாலும் ஒரு கூழாங்கல் கிடைக்காது. ஆறு அரை மணி நடை. ஐந்தையும் எடுத்து முளையைச் சுற்றி மண்ணுக்குள் குத்தி இறுக்கினேன். இரண்டாவது மூலைக்குச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனால் அங்கேயும் ஐந்து கல். மூன்றாவது மூலையிலும் ஐந்து. நான்காவதிலும் ஐந்து. எல்லாவற்றையும் அதேபோல் முளைக்கு முட்டாகப் புதைத்தேன். எங்கள் அளவும் அந்தக் கற்கள் இருந்த இடமும் ஒரு முழம் கூட விலகவில்லை.

"இந்தக் கல்லு எப்படி இங்க வந்துச்சு?" என்று சர்வேயர் கேட்டார்.

"காட்டாளுங்க எதையாவது விளையாட்டா வச்சிருப்பாங்க ஐயா."

அவர் நோட்டில் எழுதினார்: தரிசு. ஆள் நடமாட்டம் இல்லை. எழுதிவிட்டு அவசரமாக ஒரு புதர் மறைவுக்குப் போனார்.

சங்கிலி இழுக்கிறவனுக்கு மண் பேசும். பொலபொலவென்று இருக்கிற மண் யாரோ கொத்திப் புரட்டிய மண். அந்த முப்பது ஏக்கரில் கிழட்டு மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் என் தோள் உயரக் கன்றுகள், ஒரே வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே வெள்ளாமை நடந்திருக்கிறது, யாரோ நிலத்தை ஆறப் போட்டிருக்கிறார்கள். இது எனக்கு இரண்டாவது மூலையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சர்வேயரிடம் போய், கூலிக்குப் பதிலாக இந்த மனையை எனக்கும் பக்கத்து மனையை மச்சானுக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன்.

ஏன் கேட்டாய் என்பீர்கள். என் அப்பா பிறத்தியார் நிலத்தில் முப்பது வருஷம் உழைத்தவர். வெளியே போ என்று சொன்ன அன்றைக்கு அவர்கள் எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள், திரும்பி உள்ளே நுழைந்துவிடக் கூடாதாம். கதவில்லாத வாசலில் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் என்னை எழுந்திரு என்று சொல்ல முடியாத மண் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக எதையும் செய்வேன் என்றிருந்தேன், செய்தேன்.

நிலம் கிடைத்தது. ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்குள் மனையில் மூன்றில் ஒரு பங்கு உழுது விதைத்திருக்க வேண்டும். வேலி போட்டு, புகைபோக்கி வைத்த வீடு கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மனை பறிபோய்விடும்.

வெட்டினோம், எரித்தோம். என் மனையில்தான் கன்றுகள். மச்சானுடைய மனை நிஜக் காடு. இரண்டு பேர் கட்டிப் பிடிக்க முடியாத மரங்களை அவன் பட்டையை உரித்து நிற்க வைத்தே கொன்றான். எரிந்துகொண்டிருந்த ஒரு மரம் சொல்லாமல் கொள்ளாமல் சாய்ந்து எங்கள் எருதின் இடுப்பில் விழுந்தது. எருது செத்துப்போகவில்லை. தீக்குள்ளிருந்து கத்தியது. மச்சான் தீக்குள் இறங்கி, கோடாலியின் பின்புறத்தால் அதன் நெற்றியில் மூன்று போடு போட்டான். வெளியே வந்தபோது அவன் புருவம் கருகிப் போயிருந்தது, சிறு பிள்ளை மாதிரி விம்மிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் கோடாலி தவறி அவனுடைய இரண்டு விரல் போயிற்று. "பரவாயில்ல மாப்ள, மூக்கு நோண்டுற விரல் மிச்சமிருக்கு" என்றான். அப்படிப்பட்ட ஆள். கோபம் வந்தால் மட்டும் கண் மண் தெரியாது.

சர்வேயர் போகும்போது பழைய சங்கிலியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் மரம் கட்டி இழுத்தோம். ஊருக்குப் போன இரண்டாம் மாதம் அவர் காய்ச்சலில் செத்துவிட்டதாகச் செய்தி வந்தது. வெட்டுகிற வேகத்தில் மச்சான் கல்லைக் கவனித்ததில்லை, இனி அந்தக் கற்களைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று என் மனசு சொல்லிற்று. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அளந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் மனையில் பத்து ஏக்கர் உழுது முடித்து மறுநாள் விதைக்க இருந்தோம். வெயில் நன்றாக ஏறிவிட்டது. மனைவி வேலியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நம்ம நிலத்துல யாரோ நிக்கிறாங்க."

மூன்று பேர். இரண்டு ஆண்கள், அண்ணன் தம்பி என்று முகமே சொல்லிற்று. ஒருத்தி, தம்பியின் மனைவி. ஆண்கள் கூரான கோலால் எங்கள் உழவில் குழி போட்டுக்கொண்டே போனார்கள். அவள் கூடையிலிருந்து விதையை எடுத்துப் போட்டு, குதிகாலால் மூடிக்கொண்டே பின்னால் வந்தாள். தங்கள் வீட்டுக் கொல்லையில் வேலை செய்கிற மாதிரி அவசரமில்லாமல் செய்தார்கள். தம்பியின் இடுப்பில் புதர் வெட்டுகிற அரிவாள் ஒன்று. வேறு ஆயுதம் இல்லை.

மச்சான் ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு ஓடிவந்தான். நானும் ஓடினேன். மரம் கட்டி இழுத்துக்கொண்டிருந்ததால் சங்கிலி என் கையிலேயே இருந்தது.

"டேய்! யார் நிலத்துல எவன்டா விதைக்கிறது?"

அவர்கள் ஓடவில்லை. அண்ணன்காரன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். தம்பி, வரப்பில் தனியாக வைத்திருந்த ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து மச்சானின் காலடியில் இறக்கினான். நிறைய விதை. குனிந்து உழவுச் சாலைத் தொட்டான், மச்சானின் நெஞ்சைக் காட்டினான், கூடையைக் காட்டினான்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். "பாத்தியா மாப்ள! என் தங்கச்சி நிலத்துல விதைச்சுட்டு எனக்கே கூலி குடுக்குறான்!" சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், அதற்கு அடுத்தது என்ன என்றும் தெரியும். கூடையை ஓங்கி உதைத்தான். விதை எங்கள் முகத்தில் எல்லாம் தெறித்தது.

அண்ணன்காரனின் சிரிப்பு நின்றது. மண்டியிட்டு விதையைப் பொறுக்க ஆரம்பித்தான். மச்சான் துப்பாக்கிக் கட்டையால் அவன் பிடரியில் இடித்தான். அவன் எழுந்து குழலைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் இழுத்தார்கள். வெடித்தது. அண்ணன்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், விரல் இடுக்கில் வழிந்ததை அதிசயமாகப் பார்த்தான், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். தம்பி அரிவாளை எடுத்ததை நான் பார்க்கவில்லை. அது மச்சானின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கி நின்றதைத்தான் பார்த்தேன்.

நான் சங்கிலியைச் சுழற்றினேன். முதல் அடியிலேயே தம்பி விழுந்துவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கண்ணி கண்ணியாக அவன் முகத்தில் இறக்கினேன். தாடை உடைந்த சத்தம் கேட்ட பிறகும் இறக்கினேன். அக்கம்பக்கத்து மனைக்காரர்கள் ஓடிவந்து என்னை இழுத்துப் பிடித்தார்கள், அதே சங்கிலியால் அவனைக் கட்டினார்கள்.

மச்சானுக்கு உயிர் கொஞ்சம் மிச்சமிருந்தது. தங்கை மடியில் தலை. அவள் இரண்டு கையாலும் வெட்டுக்காயத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள், பொத்தி என்ன செய்ய. அவன் என்னைப் பார்த்து, "நிலத்தை விட்றாத மாப்ள" என்றான். அதோடு போய்விட்டான்.

இத்தனையும் நடந்துகொண்டிருக்கையில் அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். தப்பி ஓடவில்லை. மூலைக்கு ஓடினாள், முளையைப் பிடுங்கினாள், அடியிலிருந்த கற்களை வாரிக்கொண்டு அடுத்த மூலைக்கு ஓடினாள். நான்கு மூலைக் கற்களையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் கொட்டினாள். ஒவ்வொரு கல்லாக எடுத்துக் காட்டிக் காட்டிக் கத்தினாள். யாருக்கும் அவள் பேச்சு புரியவில்லை. எனக்கு மட்டும் கல் புரிந்தது.

மூன்றாம் நாள் விசாரணை. தானியக் கிடங்கில் தராசைத் தள்ளி வைத்துவிட்டு மேஜை போட்டார்கள். விசாரணை அதிகாரிக்கு ஜலதோஷம், கைக்குட்டையும் மூக்குமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் தோல் வாங்கி விற்கிற வியாபாரி ஒருவன் மொழிபெயர்க்க வந்தான். தம்பியால் பேச முடியாது, அவன் தாடையை நான்தான் உடைத்திருந்தேனே. அவன் மனைவி பேசினாள். இருபது கல்லையும் மேஜையில் அடுக்கி வைத்துவிட்டுப் பேசினாள்.

வியாபாரி சொன்னான்: "நிலத்தை ஆறப் போடறப்போ மூலைக்கு எட்டுக் கல்லு வைப்பாங்களாம் ஐயா. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி வந்து ஒண்ணு எடுப்பாங்களாம். கல்லு இருக்கிற வரைக்கும் அந்த நிலத்துல யாரு வேணா இருந்துக்கலாம், வீடு கட்டிக்கலாம், உழுதுக்கலாம், கேக்க மாட்டாங்களாம். கல்லு தீந்த வருஷம் சொந்தக்காரன் வந்து விதைச்சாகணும். விதைக்கலைன்னா நிலம் வேற வீட்டுக்குப் போயிடுமாம்."

அதிகாரி தும்மினார். "மேலே சொல்லு."

"அஞ்சு கல்லு மிச்சம் இருந்திருக்கணுமாம். இந்த வருஷம் வந்து பாத்தா ஒண்ணு கூட இல்ல. இவளுக்கு மனசு ஒப்பலையாம். 'கணக்கு தப்பாது, கல்லு போனா போனதுதான், விதைக்காம விட்டா நிலம் போயிடும்'னு செத்துப்போன மூத்தவர்தான் சொன்னாராம். உழுது வச்சிருக்கிறதைப் பாத்துட்டு, உழுதவன் பங்குன்னு தனியா ஒரு கூடை விதை கொண்டுவந்தாங்களாம். அதைத்தான் அவங்க ஆளு..." வியாபாரி என் மனைவியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

விதைக்காவிட்டால் நிலம் போய்விடும். எங்கள் சட்டமும் அதேதான். நான் கல்லில் கை வைக்காமல் இருந்திருந்தால் அவர்கள் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். என் கைதான் அவர்களைக் கூப்பிட்டிருக்கிறது.

அதிகாரி என்னை நிற்கச் சொன்னார். "சங்கிலி பிடிச்சவன் நீதானே? இந்தக் கல்லு அங்கேயே இருந்துச்சா?"

இருந்தது என்று சொன்னால் அது தரிசு இல்லை. வந்தவன் திருடன் இல்லை, சொந்தக்காரன், அவன் கழுத்து தப்பும். என் மனை போகும். என்னுடையது மட்டுமா, ஆற்றங்கரையில் எந்த மனை ஆறப் போட்ட நிலமோ, யார் கண்டது. கிடங்கு நிறைய மனைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். முன் வரிசையில் என் மனைவி, மடியில் அண்ணனுடைய சட்டை, ரத்தம் காய்ந்து மொடமொடவென்று.

"இல்லைங்க ஐயா. முளைக்கு முட்டுக் குடுக்க நான்தான் ஆத்துலேருந்து கொண்டுவந்தேன்."

"மூலைக்கு அஞ்சா?"

"கைக்கு வந்ததைப் போட்டேங்க. எண்ணலை."

வியாபாரி அதை அவளுக்குச் சொன்னான். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேஜையைச் சுற்றி வந்து என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள், பிறகு கற்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

அவள் புருஷனை அன்று மாலைக்குள் தூக்கில் போட்டார்கள். தராசு தொங்குகிற உத்தரத்தில்தான். மெலிந்த ஆள் என்பதால் சட்டென்று முடியவில்லை. ஒருவர் போய்க் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அதே உத்தரத்தில் அதே தராசை மாட்டி நான் விதை எடை போட்டு வாங்கினேன்.

மறு வருஷம் மழைக்கு முன்னால் ஒரு காலையில் என் மனையின் நான்கு மூலையிலும் கற்கள் இருந்தன. மூலைக்கு எட்டு. மனைவி வாரிக்கொண்டு போய் ஆற்றில் எறிந்தாள். "பொய் சொன்னவ அதைக் கொண்டாந்து நட்டு வச்சுட்டுப் போறா" என்றாள். வாரம் திரும்புவதற்குள் மறுபடியும் எட்டு. இரண்டாம் தடவை அவள் தொடவில்லை.

தோல் வியாபாரியைப் பார்த்தபோது கேட்டேன். "ரத்தம் விழுந்த நிலத்துக்கும் எட்டு வருஷம்தான். அதுக்கப்புறம் வருவாங்க. வராம இருக்க முடியாது" என்றான்.

அடுத்த வருஷம் ஏழு. அதற்கடுத்தது ஆறு. வேலியை உயர்த்தினேன், நாய் வளர்த்தேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. வருகிறவர்களை ஒருமுறைகூட யாரும் பார்த்ததில்லை. நான்கு கல் இருந்த வருஷம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானே ஆற்றுக்குப் போய் நான்கு கல் பொறுக்கிக்கொண்டு வந்து மூலைக்கு ஒன்று கூட்டி வைத்தேன். மறுவருஷம் இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதற்குள் எனக்குப் பட்டா வந்தது. ஆற்றங்கரையில் மாவு மில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. யாருமில்லாத மண்ணுக்கு வந்து அதைப் பொன்னாக்கியவர்கள் என்று பள்ளிக்கூடச் சுவரில் நாற்பது பேரையும் எழுதினார்கள். பதினேழாவது என்னுடைய பேர். திறப்பு விழாவில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

போன வருஷம் காலையில் எழுந்துபோய்ப் பார்த்தேன், மூலைகள் காலி.

மனைவி துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டாள். மச்சானுடைய அதே ஒற்றைக்குழல். செய்தி பரவி, இருபது மனைக்காரர்கள் ஆளுக்கொரு துப்பாக்கியோடு வந்து வேலியோரம் உட்கார்ந்தார்கள். எதிர் மனைக்காரர் வெற்றிலைக்கு அலைகிற மாதிரி சுடுவதற்கு அலைந்தார். நான்காம் நாள், நல்ல வெயிலில், அவள் வந்தாள்.

தனியாக வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. தோளில் கோல், இடுப்பில் ஒரு கூடை, தலையில் ஒரு கூடை. வேலியோரத்துத் துப்பாக்கிகளை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு உள்ளே நடந்து வந்தாள். அவர்கள் சட்டத்தில் வந்துதான் ஆக வேண்டும். நேராக என்னிடம் வந்து, தலையிலிருந்த கூடையை என் காலடியில் இறக்கி வைத்தாள். உழவைத் தொட்டாள், என் நெஞ்சைக் காட்டினாள். அதே முகத்தை அதே கிட்டத்தில் பார்த்தாள். பிறகு திரும்பி முதல் குழியைப் போட்டாள்.

வேலியோரம் துப்பாக்கிகள் நிமிர்ந்த சத்தம் கேட்டது. அவளுக்கும் வேலிக்கும் நடுவில் போய் நின்றேன்.

"சுடாதீங்க! யாரும் சுடாதீங்க! இது அவங்க நிலம். கல்லு இங்கதான் இருந்துச்சு. மூலைக்கு அஞ்சு. நான்தான் எடுத்தேன்."

"வெயில்ல மூளை கலங்கிடுச்சாய்யா உனக்கு? தள்ளு!" என்றார் எதிர் மனைக்காரர்.

"கலங்கல. அன்னிக்குக் கிடங்குல சொன்னது பொய். ஆத்துலேருந்து நான் ஒண்ணும் கொண்டுவரல."

மனைவி வேலியை விட்டு வெளியே வந்தாள். துப்பாக்கி கையிலேயே இருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"கல்லு இருந்துச்சும்மா. முளை நிக்கலைன்னு நான் எடுத்தேன்."

"நீங்க எடுக்கலைன்னா அவங்க அன்னிக்கு வந்திருக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"விதைக்க வந்திருக்க மாட்டாங்க?"

"மாட்டாங்க."

அவள் எதையோ கூட்டிக் கழிக்கிற மாதிரி உதட்டை அசைத்தாள். ஒன்பது வருஷம் அந்தப் பெண்ணைச் சபித்துக்கொண்டே அடுப்பு மூட்டியவள்.

"அப்போ எங்கண்ணன்?"

நான் காலடியில் இருந்த கூடையைப் பார்த்தேன்.

"நீதானா?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை நீ என்று கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தை விழுந்த அதே மூச்சில் துப்பாக்கியும் வெடித்தது. என் வலது முழங்கால் இருந்த இடத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது. வலி வருவதற்கு முன்னால் மண் முகத்துக்கு வந்துவிட்டது. குறி தப்பியதா, குறியே அதுதானா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சோறு போடுகிறாள், கட்டையை ஊன்றி நான் தடுமாறினால் தோள் கொடுக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. பட்டாவை ரத்து செய்வதா வேண்டாமா என்று அலுவலகத்தில் இன்னும் காகிதம் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அன்றைக்கு வேறு யாரும் சுடவில்லை. இருபது பேரும் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு என்னையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவி துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கோல் மண்ணில் இறங்குகிற சத்தம் மட்டும் என் காதுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு குத்து, ஒரு விதை, ஒரு குதிகால்.

என் ரத்தம் உழவுச் சாலில் இறங்கி மெதுவாகக் கூடையை நோக்கிப் போயிற்று. விதையில் நான்கு விரல் தூரம்தான் மிச்சம். என்னால் கையை நீட்ட முடியவில்லை. கோல் சத்தம் நின்றது. அவள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, கூடையை ரத்தம் எட்டாத இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, எனக்குக் கை எட்டுகிற பக்கமாக வைத்தாள். வைத்துவிட்டுத் தன் வரிசைக்குத் திரும்பிப் போனாள்.